நாலாவது மிஷின்

“மிஸ், இந்த மிஷின்ல ரிசல்ட் வரல.”

“வராது. எழுந்து வந்து லைன்ல நில்லு. நான் பாத்துச் சொல்றேன்.”

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அதட்டினார் ஃப்ளோரா மிஸ். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுத்தவர். காலம் மாறியதும் ஐந்து கம்ப்யூட்டர்களை வாங்கிப் போட்டு பிரவுசிங் சென்டர் ஆக்கிவிட்டார். அதட்டலை மட்டும் மாற்றவில்லை.

பி.யு.சி., அதாவது பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் நாள். நாலு கம்ப்யூட்டர்கள் சும்மா கிடக்க, கூட்டமெல்லாம் மிஸ்ஸின் மேஜை முன்னால் தவம் கிடந்தது. அவரோ ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்து, கூட வந்தவரையும் அருகே நிற்க வைத்து, அப்புறம்தான் நம்பரையே கேட்டார். ஆமை தோற்றது.

சரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். தங்கை பல்லவிக்காக லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். ஊரின் தங்கச் சுரங்கத்தை மூடி அப்பா வீட்டோடு உட்கார்ந்த வருஷம் அது. பல்லவி பாஸ் பண்ணினால் அவளுக்கும் பெங்களூரில் ஒரு வேலை என்று வீடே நம்பிக்கொண்டிருந்தது. அவளோ காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“நீ வா பல்லவி, நான் பாக்கறேன்” என்று மூலையில் இருந்த நாலாவது மிஷினில் உட்கார்ந்தான்.

மற்ற சைட்டெல்லாம் திறந்தது. ரிசல்ட் சைட் மட்டும், அந்தப் பெயரில் எதுவும் அகப்படவில்லை என்று கையை விரித்தது.

“இன்னாண்ணா, பேரு தப்பா?”

“பேரு சரிதான். இங்க டெலிபோன் லைன் மிஸ் மிஷின்ல மட்டும்தான் கீது. சுரங்கத்துல எறங்க அப்பா கேஜ் லிஃப்ட் வேணும்னா பெல் அடிக்கிற ஆள்கிட்டதானே சொல்வாரு? அதுமாதிரி இந்த நாலு மிஷினும் பேர மிஸ் மிஷின்கிட்ட குடுத்துடணும். அதுதான் வெளிய விசாரிச்சு, அட்ரஸ் கண்டுபுடிச்சு, பக்கத்த வாங்கித் தரும். இது அதுகிட்ட கேக்காம தானே தேடப் போவுது. அதான் கெடைக்கல.”

“இன்னாத்துக்கு அப்படிப் போவுது?”

செட்டிங்கைத் திறந்து பார்த்த சரத்துக்குக் காது சூடாகிவிட்டது. ‘இந்தப் பெயரை மட்டும் மிஸ் மிஷினிடம் கேட்காதே’ என்று ஒதுக்கி வைப்பதற்கு ஒரு கட்டம் உண்டு. அதில் ரிசல்ட் சைட்டின் பெயரை யாரோ டைப் செய்து வைத்திருந்தார்கள். பக்கத்து மிஷினிலும் அதே கதை. தானாக வந்த கோளாறு இல்லை, வேலை மெனக்கெட்டுச் செய்தது.

ஊர்ப் பிள்ளைகளின் மார்க்கெல்லாம் இந்த அம்மா கண்ணில் பட்டுத்தான் வெளியே போகணுமா? இதென்ன அதிகாரம்!

அந்தப் பெயரை அழித்தான். “இப்ப உன் நம்பரப் போட்டுப் பாரு” என்று பல்லவியை உட்கார வைத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேஜைக்குப் போனான். அந்த நேரத்தில் அவனுக்கு ரிசல்ட்டைவிடச் சண்டை பெரிதாகிவிட்டது.

“மிஷின் ரிப்பேர் இல்ல மிஸ். நீங்கதான் வேணும்னே வராம பண்ணி வெச்சிருக்கீங்க. எல்லார் மார்க்கும் நீங்கதான் மொதல்ல பாக்கணுமா?”

“அதானே!” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

மிஸ்ஸின் முகம் வெளுத்தது. “எந்த மிஷின்ல அழிச்சே?”

“நாலாவதுல.”

“அதுல யாரு உக்காந்திருக்காங்க?”

“என் தங்கச்சி...”

சொல்லிக்கொண்டே திரும்பினான். நாற்காலி காலி. திரையில் பல்லவியின் பெயர் இருந்தது. கணக்கில் ஃபெயில்.

சரத்துக்குப் பாதி உயிர் போய்விட்டது. படிகளில் தாவி இறங்கினான். பின்னாலேயே மிஸ்ஸும் செருப்பு போடாமல் ஓடிவந்தார்.

கடைசிப் படியில் பூக்கார ரத்தினம்மா வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் முகத்தைப் புதைத்துத் தேம்பிக்கொண்டிருந்தாள் பல்லவி.

“தனியா அழுதுக்கினு எறங்கற புள்ளைய வுடாதேன்னு மிஸ் காலையிலயே என்னை இங்க உக்கார வெச்சிட்டாங்க” என்றாள் ரத்தினம்மா. “எங்க போறேன்னு கேட்டேன். ஸ்டேஷனுக்குன்னுது. வுடுவேனா?”

சரத் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

ஃப்ளோரா மிஸ் மூச்சு வாங்கினார். “போன வருஷம் அதே மூலையில ஒரு பொண்ணு. தனியா பாத்துச்சு, தனியா எழுந்து போச்சு. நான் யாருக்கோ பிரின்ட் எடுத்துக்கினு இருந்தேன், திரும்பிக்கூடப் பாக்கல. மாரிகுப்பம் ஸ்டேஷனாண்ட தண்டவாளத்துல நின்னுக்கினு இருந்தவள போர்ட்டர் ஒருத்தர் இஸ்துக்கினு வந்தார்.”

பிறகு பல்லவியின் தலையைத் தடவினார். “அவளும் கணக்குலதான் ஃபெயிலு. மறுபடி எழுதிப் பாஸ் பண்ணிட்டு இப்ப கோலார்ல நர்சிங் படிக்கிறா. ஞாயித்துக்கெழமை வரச் சொல்றேன், அவகிட்ட பேசறியா பாப்பா?”

பல்லவி மெல்லத் தலையசைத்தாள். “அப்பாகிட்ட இன்னாண்ணா சொல்றது?”

“நான் சொல்றேன். நீ பக்கத்துல இரு, போதும்.” என்றான் சரத்.

அவளை ரத்தினம்மாவிடம் விட்டுவிட்டு மேலே ஏறினான். நாலாவது மிஷினில் உட்கார்ந்து, அழித்த பெயரை எழுத்துப் பிசகாமல் மறுபடி டைப் செய்தான்.

அவன் எழுந்ததும் ஒரு பெண் வந்து உட்கார்ந்து அவசரமாகத் தட்டினாள்.

“அண்ணா, இதுல ரிசல்ட் வரல.”

“வராதும்மா” என்றான் சரத். “எழுந்து வா, மிஸ்கிட்ட ஒண்ணா போய்ப் பாக்கலாம்.”