சிவப்புக் கோடு

பள்ளிக்கூட வாசல் பலகையில் இரண்டு தாள்கள் ஒட்டியிருந்தன. ஒன்றில் இடம் கிடைத்த பிள்ளைகள், மற்றதில் காத்திருக்கும் பிள்ளைகள். இசக்கிமுத்துவின் மகள் ஆதிரை காத்திருப்பதில் நாலாவது ஆள். இதை விட்டால் வேறு பள்ளிக்கு இரண்டு பஸ் மாறித்தான் போகவேண்டும். இடம் கிடைத்தவர்களில் யாராவது வேண்டாமென்று விலகினால் வாட்ச்மேன் அந்தப் பெயரின் மேல் சிவப்புக் கோடு இழுப்பார். காத்திருப்பவர்களில் முதல் ஆளைக் கூப்பிடுவார்கள். அப்பனும் மகளும் தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.

முதல் கோடு ஜோயல் மேல் விழுந்தது. இசக்கிமுத்துவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. ஆதிரைக்குக் கண் கலங்கிவிட்டது.

"எப்பா, அந்தப் புள்ள எங்க போச்சு?"

"வேற பள்ளிக்கூடத்துக்குத் தாயி. அங்க யானை நிக்கி, தெரியுமா?"

அடுத்த கோடு ஷிரின் மேல்; அவள் போன பள்ளிக்குப் படகில்தான் போகவேண்டும். மூன்றாவது கோடு விழுந்த கவிராஜுக்கு மாமரத்து மேலேயே வகுப்பு. கையை நீட்டினால் மாங்காய். மகள் சிரிக்கச் சிரிக்க அவர் அளந்துகொண்டே போனார்.

நாலாவது கோடும் விழுந்தது. இசக்கிமுத்து மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். அவள் மேலிருந்தபடி மைதானம் முழுக்கத் தேடினாள். ஒரு கொடிக்கம்பம், ஒரு தண்ணீர்த்தொட்டி. அவ்வளவுதான்.

உதடு பிதுங்கியது. குனிந்து அப்பன் காதோரம் கெஞ்சினாள்.

"எப்பா, எனக்கும் ஒரு செவப்புக் கோடு போடச் சொல்லேன்."