குறை எதுவும் காணப்படவில்லை

“ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னா, ஒண்ணுமில்லாததுக்கா ஆறு தடவை உங்க படி ஏறிக்கிட்டிருக்கேன்?”

“எங்க கையில நல்லாத்தானே ஓடுது மேடம்!”

“அப்போ உங்க கையைக் கழட்டிக் குடுங்க. எடுத்துட்டுப் போறேன்.”

மாடி வீட்டுப் பெண் இப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. சர்வீஸ் சென்டரில் டோக்கனோடு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் செல்போனைத் தாழ்த்திவிட்டு நிமிர்ந்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கூட வந்தவள் நான்தானே.

இந்த மாதிரிக் காரியங்களுக்கு நான் துணைக்குப் போய்விடுவேன். போகாவிட்டால் நடந்ததை யாராவது அரைகுறையாக வந்து சொல்வார்கள்.

லேப்டாப்புக்கு வயது ஒன்பது மாதம். அவள் மேசையில் வைத்து நாலு வரி அடிப்பதற்குள் திரை பொசுக்கென்று இருண்டுவிடும். இங்கே தூக்கி வந்தாலோ, வீட்டில் ஆட்டம் போடுகிற பிள்ளை பள்ளிக்கூடத்தில் கைகட்டி நிற்குமே, அப்படி ஒரு சமர்த்து.

முதல் தடவை திரையை மாற்றினார்கள். அப்புறம் பேட்டரி. மூன்றாவது தடவை உள்ளே இருக்கிற போர்டையே மாற்றிவிட்டோம் என்றார்கள். நாலாவது தடவை மாற்ற எதுவும் பாக்கி இல்லாமல், ‘குறை எதுவும் காணப்படவில்லை’ என்று சீட்டு எழுதி நீட்டினார்கள். ஐந்தாவது தடவை, கொண்டு வருவதற்கு முன்பே திரை அணைவதை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அதையும் அனுப்பினாள்.

இனி மாற்றுவதென்றால் அவளைத்தான் மாற்ற வேண்டும் என்று தெருவில் சிரித்தோம். அவள் கைராசி அப்படி என்று பெற்ற அம்மாவே சொன்னாள். நான் சொல்லவில்லை. அம்மா சொன்னதை நாலு வீட்டில் சொன்னேன், அவ்வளவுதான்.

உண்மையில் சிரிக்கிற விஷயம் இல்லை அது. தூரத்து ஊரில் பெரிய கம்பெனி வேலை. அதற்கு ஆன்லைனில் பரீட்சை. எந்த லேப்டாப்பைப் பதிந்தாளோ அதில்தான் எழுத வேண்டுமாம். இரண்டு தடவை உட்கார்ந்தாள்; இரண்டு தடவையும் பாதியில் இருட்டு. கெஞ்சிக் கூத்தாடிக் கடைசி வாய்ப்பு ஒன்று வாங்கியிருந்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு.

வேலை கிடைத்தால் கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளிவைத்துவிட்டுக் கிளம்புவாள். கிடைக்காவிட்டால் அடுத்த மாதமே கல்யாணம்.

மாப்பிள்ளைப் பையன் தங்கம். ‘உன் இஷ்டம்தான் எனக்கு முக்கியம்’ என்று அத்தனை பேர் முன்னால் சொன்னவன். ஐந்தாவது தடவை இவள் காய்ச்சலில் கிடந்தபோது சர்வீஸ் சென்டருக்குப் போய் லேப்டாப்பை வாங்கி வந்தது அவன்தான். அதற்கடுத்த வாரம் இரண்டாவது பரீட்சை நடுவில் திரை போனபோது, பக்கத்திலேயே உட்கார்ந்து தலையைத் தடவித் தேற்றியதும் அவன்தான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

சத்தம் கேட்டு, உள்ளேயிருந்து கண்ணாடி போட்ட பெரிய மெக்கானிக் வந்தார். லேப்டாப்பைத் தொடவில்லை. அவள் இடது கையைப் பார்த்தார்.

“ஏம்மா, இந்த பிரேஸ்லெட்டை நீங்க இன்னும் கழட்டலையா?”

அவள் விழித்தாள். நிச்சயம் பண்ணின அன்று மாப்பிள்ளை மாட்டிவிட்டது அது. தூங்கும்போதுகூடக் கழற்றமாட்டாள்.

கொக்கியில் காந்தம் இருக்கிறதாம், லேப்டாப் மூடியில் இருப்பது மாதிரியே. கீபோர்டின் இடது ஓரத்தில் மணிக்கட்டை வைத்தால், யாரோ மூடியைச் சாத்திவிட்டார்கள் என்று நினைத்து லேப்டாப் தூங்கப் போய்விடுமாம். எந்த பாகத்தை மாற்றினாலும் அப்படித்தானாம். அவள் அனுப்பிய வீடியோவில் அந்தக் கையைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டதாம்.

“போன தடவையே சொல்லி அனுப்பினேனேம்மா. வாங்க வந்தவர்கிட்ட ஒரு காந்தத்தை வச்சு செஞ்சே காட்டினேன். சீட்டுலயும் எழுதியிருக்கேன், பாருங்க.”

கோப்பைப் புரட்டி நகலைத் திருப்பி வைத்தார். நான்தான் முதலில் எட்டிப் படித்தேன். ‘பிரேஸ்லெட்டைக் கழற்றிவிட்டுப் பயன்படுத்தவும். விளக்கிச் சொல்லப்பட்டது.’ கீழே மாப்பிள்ளைப் பையனின் கையெழுத்து. முத்து முத்தாக எழுதுவான்.

அவ்வளவு நேரம் கத்தியவள் கொக்கியை விடுவித்து, பிரேஸ்லெட்டைச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டாள். லேப்டாப்பை மடியில் வைத்து, அங்கேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அடிக்கத் தொடங்கினாள். அடித்தாள், அடித்துக்கொண்டே இருந்தாள். என்ன அடிக்கிறாள் என்று குனிந்து பார்த்தேன். அர்த்தமில்லாத எழுத்துகள், பக்கம் பக்கமாக.

திரை அணையவில்லை.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அத்தை, இதை மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. எங்க அம்மாவுக்குத் தாங்காது.”

சரி என்றேன். எப்படியும் மூன்று நாள் தாங்குவேன் என்று நினைத்தேன்.

பரீட்சையில் தேறினாள். இருபதாம் நாள் மாடி வீட்டைக் காலி செய்து, அம்மாவையும் அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அங்கேயே கூட வேலை பார்க்கிற ஒருவனைக் கட்டிக்கொண்டதாகக் கேள்வி.

இங்கே கல்யாணம் நின்றதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பெண்ணுக்குத் திமிர் என்றார்கள். சம்பளத்தைப் பார்த்ததும் மனசு மாறிவிட்டது என்றார்கள். பாவம் பையன் என்றார்கள். எங்கள் தெருவில் என்னிடம் கேட்காமல் எதையும் முடிவு செய்யமாட்டார்கள், என்னிடமும் கேட்டார்கள். எனக்கொன்றும் தெரியாது என்றேன். நம்பினார்கள்.

பையனுக்கு நல்ல சம்பளம், சொந்த வீடு, பெரியவர்களிடம் அப்படி ஒரு மரியாதை. மறு வருஷம் என் மகளை அவனுக்குக் கொடுத்தேன்.