யாருக்கும் தொந்தரவில்லை

"எங்க அத்தை யாரு கையையும் எதிர்பாக்க மாட்டாங்க, எழுதிக்கோ" என்றாள் தாட்சாயிணி, டிபன் டப்பாவை அழுத்தி மூடிக்கொண்டே.

சென்னீர்குப்பத்துக் குடிசைகளில் முதியவர்களின் உடல்நலம் பார்க்க வந்திருந்த நர்ஸ் ரேஷ்மா, கட்டிலில் இருந்த மாமியார் சாவித்திரியின் பக்கம் திரும்பினாள்.

"நீங்களே சோறு போட்டுச் சாப்புடுவீங்களாம்மா?"

"பின்ன, ஊட்டி வுட நான் இன்னா கொயந்தையா?"

"துணி மாத்திக்க?"

"நானேதான்."

"கக்கூஸ் போக?"

"அதுக்கு ஒருத்தரையும் கூப்புடறதில்ல, கண்ணு."

"அத்தச் சொல்லு! பக்கத்து ஊட்டுக் கெயவி மாதிரி இட்டுகினு போ, இட்டுகினு வான்னு நச்சரிச்சா, நான் வேலைக்குப் போனாப்புலதான்!" என்றாள் மருமகள்.

கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. தாட்சாயிணி ஓடினாள்.

ரேஷ்மாவுக்கு ஆச்சரியம். இந்தச் சந்தில் உதவி வேண்டாம் என்று சொன்ன ஒரே கிழவி இவள்தான். மெச்சிக்கொண்டே பிரஷர் பார்க்கக் கையைப் பிடித்தவள், வறண்ட தோலைக் கிள்ளிப் பார்த்துத் திடுக்கிட்டாள். கிள்ளிய தோல் கிள்ளியபடியே நின்றது. உதடு பாளம் பாளமாய் வெடித்திருந்தது.

"இன்னாம்மா இது, தண்ணியே குடிக்கிறதில்லையா?" தன் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

சாவித்திரி அதையே பார்த்தாள். எச்சில் விழுங்கப் பார்த்தாள், எச்சில் ஊறவில்லை. பாட்டிலை மெல்லத் தள்ளிவிட்டாள்.

"பொதுக் கக்கூஸு ஹைவேக்கு அந்தாண்ட கீது. ஒண்டியா ரோட்டத் தாண்ட எனக்குக் காலு வராது. இத்தக் குடிச்சிட்டு, நீ போனப்புறம் நான் யாரைக் கூப்புடறது?"