நெற்றியில் நின்றுபோன ஒளி

திரையில் மறுபடியும் பூஜ்யம்.

“கோசோங் லா, தம்பி, ஒண்ணுமில்ல,” என்றார் தாதி ரொஹானா. மலாய்க்காரர்; சிம்பாங் ரெங்கம் ரப்பர் தோட்டத்தில் தமிழர்களோடு வளர்ந்தவர். என்னைவிட நன்றாகத் தமிழில் கேலி செய்வார். உள்ளே விடுமுன் முழங்கைவரை சோப்புப் போட வைத்தவரும் அவர்தான்.

இன்குபேட்டருக்குள், என் முழங்கை நீளம்கூட இல்லாத ஒரு பையன் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் கம்பளித் தொப்பிக்குள், நெற்றியில், முடியளவு மெல்லிய இரண்டு கண்ணாடி இழைகள். ஒன்று ஒளியை உள்ளே அனுப்பும். மூளைவரை போய்த் திரும்புகிற சொற்ப ஒளித்துகள்களை மற்றது பொறுக்கி வரும். உலு திராம் பட்டறையிலிருந்து மடியில் வைத்து நான் கொண்டுவந்த கருவி, அவற்றை ஒவ்வொன்றாக எண்ணி, மூளைக்கு ஆக்சிஜன் போதுமா என்று சொல்லும்.

சொல்ல வேண்டும்.

சொன்னால், அவன் குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பது குறையும். சொல்லாவிட்டால், மதியம் டாக்டர் வந்து கருவியை மூட்டை கட்டச் சொல்வார். அந்தக் குதிகாலில் இனிக் குத்த இடமில்லை. நான் பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக் கூடாது.

விடுவதாக இல்லை.

ரொஹானாவிடம் வேறு இழைகளைக் கொடுத்து, தொப்பிக்குள் ஒட்டச் சொன்னேன். பூஜ்யம்.

வெளிச்சம் புகாமல் இன்குபேட்டர்மேல் கறுப்புத் துணியை இறுக்கிப் போர்த்தினேன். பூஜ்யம்.

கருவியின் தலையில் ஒரு தட்டு தட்டினேன். அத்தனை வருடம் படித்தது அதற்குத்தானே. பூஜ்யம்.

ரொஹானா கழற்றித் தந்த இழைகளை என் கையிலேயே வைத்துப் பார்த்தேன். எண்கள் கொட்டின. முழங்கையில் மூளை இருந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

அப்படியானால் கோளாறு பையனின் நெற்றியில்.

அவனைத் தொட எனக்கு அனுமதி இல்லை. இழைகளை ஒட்டியதும் ரொஹானாதான். தொப்பியைத் தூக்கச் சொன்னேன். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு தூக்கினார்.

இழையின் நுனி பட்ட இடத்தில், வட்டமாக, ஒரு கறுப்புப் பொட்டு. ஒளி முழுவதையும் விழுங்கிவிட்டு அப்பாவிபோல் உட்கார்ந்திருந்தது.

ரொஹானா பஞ்சை நனைத்துத் துடைத்தார். இழைகளை மறுபடி ஒட்டினார்.

எண்கள் ஓடத் தொடங்கின. ஆக்சிஜன் போதும் என்றது கருவி. எண்களைக் குறிப்பேட்டில் எழுதினேன்.

எழுதி முடித்ததும், பையனின் அம்மா ஷாமளாவுக்கு மனத்துக்குள் ஒரு சொற்பொழிவு தயாரித்தேன். அறிவியல், சுத்தம், மூடநம்பிக்கை, எல்லாம் இருந்தது. அவரை எங்கே பார்க்கலாம் என்று ரொஹானாவிடம் விறைப்பாகக் கேட்டேன்.

ரொஹானா தன் சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்த்த புருவப் பென்சிலை உள்ளே தள்ளினார்.

“ஷாமளா மேல ஐசியுலயே கெடக்குது, தம்பி. இன்னும் புள்ள மொகத்தக்கூட பாக்கல. வர்றவன் போறவன்லாம் அழகு, அழகுங்கிறான். கண்ணு பட்டா?”

சொற்பொழிவை விழுங்கிக்கொண்டேன்.

“கன்னத்துல வைங்க, மிஸ்ஸி,” என்றேன். “கொஞ்சம் பெருசாவே.”