கன்ட்ரோல் ரூமிலிருந்து ஒரே கேள்வி

"தண்ணி எப்படிம்மா இருக்கு?"

"சுத்தமா இருக்கு சார்."

மறுமுனையில் கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டர் போனை வைத்துவிட்டார். அவ்வளவுதான் பேச்சு. கொஞ்ச நேரத்தில் மறுபடி மணி அடிக்கும், அதே கேள்வி வரும் என்று கெமிஸ்டுக்குத் தெரியும்.

மின் நிலையத்தில் டர்பைனைச் சுழற்றிவிட்டு வரும் நீராவி, குளிர்ந்து தண்ணீராகும். அதில் துளி உப்பு கலந்தாலும் பாய்லர், டர்பைன் எல்லாம் அரித்துப் போகும். அந்தத் தண்ணீரைச் சுத்தப்படுத்தி பாய்லருக்குத் திருப்பி அனுப்புவதுதான் அவள் வேலை.

கட்டடத்தின் கடைக்கோடியில் தனி அறை. சுற்றிலும் தொட்டிகள், பம்புகளின் இரைச்சல். ஷிஃப்ட் முழுக்க அவள் ஒருத்திதான். மாற்றலாகி வந்த ஊரில், வீட்டுப் பூட்டைத் திறந்தாலும் அவள் ஒருத்திதான்.

ஆனாலும் அந்த ஆபரேட்டரின் குரலைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு நாள் வேலையாகக் கன்ட்ரோல் ரூமுக்குப் போனவள், ஆபரேட்டரின் மேஜையைப் பார்த்துத் திகைத்து நின்றாள். தண்ணீரைப் பற்றி அவள் அறை மீட்டர் காட்டுவதெல்லாம் அவருடைய ஸ்கிரீனிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

நேரே மேனேஜரிடம் போனாள்.

"எல்லாம் அவருக்கே தெரியுது சார். அப்புறம் எதுக்கு என்னைக் கேட்கணும்? நான் தூங்குறேனான்னு பார்க்கிறாரா, இல்ல பொழுது போகலையா?"

"நான் சொல்லிக்கிறேன்ம்மா."

நாலு பேர் முன்னால் வைத்து நன்றாகவே சொன்னாராம். ஆபரேட்டர் வாயே திறக்கவில்லையாம்.

போன் நின்றது.

அன்று அப்பாடா என்றிருந்தது. சாயங்காலம் கடையில் ரொட்டி கேட்க வாயைத் திறந்தாள், குரல் எழும்பவில்லை. காலையிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் அறைக் கதவின் கண்ணாடியில் ஒரு ஹெல்மெட் எட்டிப் பார்த்தது. போய்விட்டது. சற்றுக் கழித்து மறுபடியும் வந்தது. அவள் விருட்டென்று கதவைத் திறந்தாள்.

ஆபரேட்டர். மாடி இறங்கி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"போன் பண்ணாதீங்கன்னா நேர்லயே வந்து வேவு பார்க்கிறீங்களா?"

"இல்லம்மா. பக்கத்து சீட்ல பார்த்துக்கச் சொல்லிட்டு வந்தேன். இதோ போயிடறேன்."

"தண்ணி எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு சார் என்னைக் கேட்டீங்க?"

அவர் உள்ளே இருந்த நாற்காலியைப் பார்த்தார்.

"உங்களுக்கு முன்னாடி இங்க இருந்தவர் என் சிநேகிதர். ஒரு நாள் காலையில, உட்கார்ந்தபடியே நெஞ்சு வலியில போயிட்டார். சாயங்காலம் அடுத்த ஷிஃப்டுக்கு ஆள் வந்துதான் பார்த்தாங்க."

அவளுக்குக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"மேனேஜர் திட்டினப்பவே இதைச் சொல்லியிருக்கலாமே சார்..."

"சொன்னா, இந்த ரூம்ல தனியா உட்கார உங்களுக்கு பயமா இருக்குமேன்னுதான்."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அவர் போனது அத்தனை நேரமும் உங்களுக்குத் தெரியவே இல்லையா சார்?"

"எப்படித் தெரியும்?" என்றார் அவர். "அன்னைக்குப் பூரா என் ஸ்கிரீன்ல தண்ணி சுத்தமாத்தான் இருந்துச்சும்மா."