முனியப்பனுக்கு நேர்ந்தது

கல்லீரல் தேறிவிட்டது என்று டாக்டர் சொன்ன மறுநாளே, கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஆறுச்சாமி முனியப்பன் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். பையில் பிராந்தி பாட்டிலும் ஒரு கட்டுச் சுருட்டும்.

“குடியும் புகையும் சேர்ந்தா ஈரல் இன்னும் சீக்கிரமாக் கெடும்னு டாக்டர் தலைதலையா அடிச்சுக்கிட்டாரே, காதுல உழுகலீங்களா?” என்றாள் மனைவி புவனா.

“உடம்பு தேறுனாப் படைக்கறேன்னு சாமிகிட்ட நேர்ந்துக்கிட்டது அம்மணி. பிரசாதம்னு குடுத்தா வேண்டாம்னா சொல்லறது?”

ஈரல் பிழைக்க ஈரலைக் கெடுப்பதையே நேர்ந்துகொண்ட மகா புத்திசாலி. புவனாவுக்குத் திட்டக்கூட மனம் வரவில்லை; வேடிக்கை பார்க்கவே கூடப் போனாள்.

பூசாரி குனிந்து விபூதியைக் குழைத்துக்கொண்டிருந்தார். பையைத் தொடவில்லை.

“இனிப் பாலும் பழமும் போதுமுங்க. சாமி ரெண்டையும் உட்டுப்போட்டாருங்க.”

ஆறுச்சாமியின் முகம் செத்துப்போனது. “ஏனுங்க, காலங்காலமாப் படைக்கறதாச்சே. சாமியே வந்து சொல்லுச்சுங்களா?”

பூசாரி நிமிர்ந்தார். இருபது வருடப் படையலும் அவர் கண்ணில் மஞ்சளாய் நின்றது.

“இல்லீங்க. டாக்டர் சொன்னாருங்க.”