மருதையனின் பலவீனம்

'பலவீனம்' என்ற கட்டத்தில், முதல் பாதி ஆட்டம் முடிவதற்குள்ளேயே எழுதிவிட்டேன்: 'பண்ணை வீட்டுப் பையனைக் கண்டால் பயம்.'

பின்னே என்ன? பல்கலைக்கழக கூடைப்பந்து அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். எங்கள் கல்லூரி அணியில் பந்தைக் கொண்டுபோய்ப் பிரித்துக் கொடுக்கிற பாயிண்ட் கார்டு மருதையனைப் பற்றி, கோச் என்ற முறையில் நான் பலம், பலவீனம் இரண்டையும் எழுதி இன்று சாயங்காலமே அனுப்பியாக வேண்டும். அந்த அணியில் இடம் கிடைத்தால் பையனுக்கு ரயில்வேயில் வேலை நிச்சயம் என்று பேச்சு.

பலத்துக்குப் பஞ்சமில்லை. வரப்பில் ஓடிப் பழகின கால். பந்தைப் பார்க்காமலே தட்டிக்கொண்டு போவான். யார் எங்கே நிற்கிறான் என்று முதுகுக்கும் தெரியும்.

ஆனால் இன்றைக்குத் துரைராசுவிடமே பந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தான். மூன்று தடவை. அவன் எறிந்த மூன்றும் வளையத்தைக்கூடத் தொடவில்லை. திருச்சி அணிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

துரைராசு யார்? எங்கள் அணியிலேயே ஆடுகிறவன். மருதையனின் அப்பா கோவிந்தராசு வேலை செய்கிற பண்ணையின் வாரிசு. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டுப் பதினைந்து நாளாக அங்கே அறுப்பு நின்று கிடக்கிறது. கொடி பிடித்து முன்னால் நிற்பவரே கோவிந்தராசுதான்.

இடைவேளையில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூட்டத்துக்குக் கூட்டம் சமத்துவம் பேசுகிறவன் நான்.

"உங்கப்பா அங்க நெஞ்சை நிமுத்திக்கிட்டு நிக்கிறாரு. நீ இங்க பண்ணையாரு மவனுக்கு ஊழியம் பண்றியா? குறி தப்பாத யூனுஸ் நிக்கிறது கண்ணுக்குத் தெரியலயா?"

மைதானமே திரும்பிப் பார்த்தது. என் தொண்டை அப்படி.

"சரிங்க சார்" என்று மருதையன் தலையைக் குனிந்துகொண்டான். துரைராசு தண்ணீர் குடிக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கடைசிப் பத்து விநாடி. ஒரே ஒரு பாயிண்ட் பின்னால் இருக்கிறோம். பந்து மருதையன் கையில். அவனை இரண்டு பேர் அடைத்துக்கொண்டார்கள், யூனுஸை இரண்டு பேர். துரைராசுவைச் சீந்த ஆளில்லை.

பந்து அவனிடமே போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கூச்சல் கேட்டுத் திறந்தால், பந்து வலைக்குள்ளிருந்து விழுந்துகொண்டிருக்கிறது. ஜெயித்துவிட்டோம். வயசை மறந்து நானும் குதித்தேன்.

"எப்படிடா?" என்றேன்.

இரண்டு பேரும் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்துச் சிரித்தார்கள்.

"முதல் பாதியில தப்பாப் போடச் சொன்னதே மருதைதான் சார்" என்றான் துரைராசு. "மூணு தப்பினா, அப்புறம் எவனும் உன்னைக் காவல் காக்க மாட்டான்னான். ஆட்டத்துல இவன் சொன்னா சொன்னதுதான். எங்க களத்துல தென்னைமரத்துல வளையம் கட்டி, தினம் காலையில பழகுறோம்."

"உங்க களத்துலயா? உங்க அப்பா ரெண்டு பேரும் மூஞ்சியில முழிக்கிறதில்லையேடா."

"அறுப்பு நின்னு களம் சும்மாதானே சார் கெடக்கு" என்றான் மருதையன். "கேட்ட கூலியைக் குடுங்கன்னு இவனும் வீட்டுல தினம் சண்டைதான்."

"எல்லாம் சரி. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா நீங்க அப்படித் திட்டியிருக்க மாட்டீங்க சார். நீங்க திட்டினதுலதான் திருச்சிக்காரங்க நம்பினாங்க."

அறைக்கு வந்து தாளை எடுத்தேன். எழுதியிருந்ததை அடித்தேன். யார் யாருடைய மகன் என்பதை மைதானத்துக்குள் கொண்டுவந்தது நான் ஒருத்தன்தான்.

'பலவீனம்' என்ற கட்டத்தில் நியாயமாக அப்துல் வஹாப் என்று என் பெயரைத்தான் எழுதியிருக்க வேண்டும். 'ஆட்டக்காரனிடம் இல்லை' என்று எழுதி அனுப்பினேன்.